ஆமெனில், விவரம் என்ன?

ஒரு நாள் காலை டி.வி.யில் பார்லிமெண்ட் ஓடிக் கொண்டிருந்தது. ரிமோட் கிடைக்காததால் நானும் பார்த்துக் கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் நாலு பேர் எழுந்து நின்று கத்தினார்கள். அந்தப் பக்கம் எட்டுப் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். சபாநாயகர் 'உட்காருங்கள், உட்காருங்கள்' என்றார். யாரும் உட்காரவில்லை. கடைசியில் அவரே எழுந்து போய்விட்டார். சபை ஒத்திவைப்பு!

"இதுக்கு எங்க ஆபீஸ் கான்டீன் தேவலை. அங்கே கத்தினா வடையாவது வரும்" என்றேன்.

சமையலறையிலிருந்து மனைவி, "ஏங்க, மிக்ஸியை ரிப்பேருக்குக் குடுத்தீங்களா?" என்றாள்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று டி.வி. சத்தத்தோடு சத்தமாகச் சொல்லி வைத்தேன்.

ஈஸிசேரில் பேப்பரும் கையுமாக இருந்த மாமா நிமிர்ந்தார். ஊரிலிருந்து பையனுடன் வந்திருந்தார். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி, ஹெட் கிளார்க்காக ரிட்டயர் ஆனவர். வீட்டில் பால் கணக்கைக் கூட மேலே தேதி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு வைக்கிற ஆசாமி.

"மாப்ளே, நீ பார்த்தியே, அது பார்லிமெண்ட்டோட வாய். அதுக்குக் கைன்னு ஒண்ணு இருக்கு. அது வெள்ளைப் பேப்பர்ல இருக்கு" என்றார்.

"வெள்ளைப் பேப்பரா?"

"எழுத்து மூலமா கேள்வி, எழுத்து மூலமா பதில். நீ டி.வி.யில பார்க்கறது தேர் உற்சவம். அச்சாணி அங்கேதான் இருக்கு."

மாமாவின் பையன் ஓரமாக உட்கார்ந்து 'பொது அறிவு' புத்தகம் படித்துக் கொண்டிருந்தான். வயசு இருபத்தாறு. ரயில்வே, ஸ்டாஃப் செலக்ஷன், பேங்க் என்று நாலு வருஷமாக எழுதுகிறான். எழுதாத பரீட்சை அநேகமாக கண் பரீட்சை ஒன்றுதான். அவன் தலையைத் தூக்காமல் கேட்டான்:

"அந்த வெள்ளைப் பேப்பர்ல, எத்தனை இடம் காலியா இருக்கு, எத்தனை பேர் போட்டி போடறாங்கன்னு போட்டிருக்குமாப்பா?"

"போட்டிருக்குடா" என்றார் மாமா.

*

லோக்சபாவில் தினம் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். எம்.பி. கேட்கும் கேள்விகள் இரண்டு ஜாதி. நட்சத்திரம் போட்டது, நட்சத்திரம் போடாதது. நட்சத்திரம் போட்டால் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். நட்சத்திரம் போடாததற்கு எழுத்தில் பதில். துணைக் கேள்வி கிடையாது. முதல் ஜாதிக்குப் பச்சைக் காகிதம், இரண்டாவதற்கு வெள்ளைக் காகிதம் என்பது லோக்சபா வழக்கம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறது. இருந்தாலும் மாமாவுக்கு அது வெள்ளைப் பேப்பர்தான்.

ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20. அதில் ஒரு சில தேறுவதற்குள் மணி பன்னிரண்டு அடித்துவிடும். மீதிக்கும் பதில் எழுத்தில் வந்துவிடும். நட்சத்திரம் இல்லாதது ஒரு நாளைக்கு 230 வரை! சபையில் ரகளை நடந்து ஒத்திவைத்தாலும் இந்த 230 பதில்களும் சமர்த்தாக வந்து சேர்ந்துவிடும். கத்துகிறவர்கள் கத்திக் கொண்டிருக்கும்போதே, பக்கத்து மேஜையில் சத்தமில்லாமல் ஒரு வேலை நடக்கிறது. அதை டி.வி. காட்டுவதில்லை.

எம்.பி. நினைத்தவுடன் கேட்டுவிடவும் முடியாது. குறைந்தது 15 நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும். ஒவ்வொரு இலாகாவுக்கும் வாரத்தில் அதற்கான நாள் உண்டு. நோட்டீஸ்கள் குவிவதால் குலுக்கல் போட்டு வரிசை நிர்ணயிக்கிறார்கள். கேள்வி சாதாரணமாக 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. மந்திரிகள் மட்டும் கேள்வி கேட்பதில்லை. அவர்கள் பதில் சொல்கிற ஜாதி.

"சரி மாமா, இந்த உரிமையை யார் நமக்குக் குடுத்தது?"

"வெள்ளைக்காரன்தான், வேண்டா வெறுப்பா" என்றார்.

1892 சட்டத்தில்தான் வைஸ்ராய் கவுன்சில் உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம் என்று அனுமதித்தார்கள். 1893 பிப்ரவரியில் பிங்கா சமஸ்தானத்து ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். என்ன கேள்வி தெரியுமா? சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான் சப்ளை பண்ணுவதில் கிராமத்துக் கடைக்காரர்கள் படுகிற கஷ்டம் பற்றி! கேட்டவர் ராஜா, கேட்டது மளிகைக் கடைக்காரனுக்காக. ஆரம்பமே அமர்க்களம். ஆனால் துணைக் கேள்வி கூடாது. பதிலை வாங்கிக் கொண்டு உட்கார வேண்டியதுதான். கேட்டவரே ஒரு துணைக் கேள்வி போடலாம் என்கிற பாக்கியம் 1909-ல்தான் வந்தது.

*

பையன் புத்தகத்தை மூடிவிட்டான். "என் கேள்விக்கு வாங்கப்பா."

மாமா தன் டயரியை எடுத்தார். பேப்பரில் வரும் பார்லிமெண்ட் பதில்களைத் தேதியோடு அதில் குறித்து வைப்பது அவருக்கு ரிட்டயர்மெண்ட் பொழுதுபோக்கு. மற்றவர்கள் தபால் தலை சேர்க்கவில்லையா?

2022 பிப்ரவரியில் வந்த பதில்: மத்திய அரசில், 2020 மார்ச் 1-ம் தேதி நிலவரப்படி காலியிடம் சுமார் 8.72 லட்சம்.

அதே வருஷம் ஜூலையில் வந்த பதில்: 2021 மார்ச் 1-ம் தேதி நிலவரப்படி 9.79 லட்சம். மொத்தம் அனுமதிக்கப்பட்ட இடம் சுமார் 40.35 லட்சம். அதாவது, கிட்டத்தட்ட நாலு நாற்காலிக்கு ஒன்று காலி. ரயில்வேயில் மட்டும் 2.93 லட்சத்துக்கு மேல்.

"கவனிச்சியா மாப்ளே? இந்த ரெண்டு பதில்ல ஒண்ணு மட்டும் இருந்தா அது வெறும் நம்பர். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் கதை. ஒரே வருஷத்துல ஒரு லட்சம் இடம் கூடுதலா காலியாயிருக்கு! கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேக்கறானே, இவனுக்கு வேற வேலை இல்லையான்னு தோணும். அதுதான்டா வேலை."

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில், 2022 ஜூனில், ஒன்றரை வருஷத்தில் 10 லட்சம் பேரை வேலைக்கு எடுக்கப் போவதாகப் பிரதமர் அலுவலகம் அறிவித்தது. கேள்விதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 10 லட்சம் என்றதும் 'எங்கே அவ்வளவு இடம் இருக்கிறது?' என்று யாரும் கேட்க முடியவில்லை. கணக்கு ஏற்கெனவே பேப்பரில் ஏறியிருந்தது.

மாமா இன்னொரு பக்கம் புரட்டினார். இதைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. 2022 ஜூலை 27-ம் தேதி லோக்சபாவில் எழுத்து மூலம் வந்த பதில். 2014-15 தொடங்கி 2021-22 வரை எட்டு வருஷத்தில் மத்திய அரசு வேலைக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி. வேலைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம்.

நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். சுமார் 305 விண்ணப்பத்துக்கு ஒரு வேலை.

ஒரே பையன் பல விண்ணப்பம் போடுவான், ஆகவே 22 கோடி என்பது ஆள் கணக்கு இல்லை. இருந்தாலும் அந்த நம்பர் கூடத்தில் வந்து உட்கார்ந்து கொண்டது. பையன்தான் முதலில் பேசினான்.

"அந்த இருபத்திரண்டு கோடியில என்னோடது எப்படியும் ஒரு இருபது இருக்கும்ப்பா."

சிரித்தான். நாங்களும் சிரித்தோம். மாமா மட்டும் டயரியை மூடிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

*

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "நம்ம எம்.பி.க்கு நானே ஒரு கேள்வி எழுதித் தர்றேன்" என்று பேப்பரை இழுத்தேன். இப்படி எழுதினேன்:

'இத்தனை லட்சம் நாற்காலிகளில் தூசி மட்டும் உட்கார்ந்திருக்க, படித்த பையன்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மாண்புமிகு அமைச்சர் அவர்களின் கண்ணில் பட்டதா? பட்டும் எப்படித் தூக்கம் வருகிறது? இந்த மெத்தனப் போக்கு இன்னும் எத்தனை நாள்?'

படுஜோர் என்று நினைத்துக் கொண்டு நீட்டினேன். மாமா சிவப்புப் பேனாவைத் திறந்தார். விதி புத்தகத்தை வரி வரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார். கேள்வியில் கிண்டல் கூடாது. வாதம் கூடாது. நீங்களாக ஒரு முடிவுக்கு வந்து அதைத் திணிக்கக் கூடாது. குற்றம் சாட்டக் கூடாது, அடைமொழி கூடாது. மந்திரியின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. 'ஒருவேளை இப்படி நடந்தால்' என்று கற்பனையாகக் கேட்கக் கூடாது. கோர்ட்டில் இருக்கிற விஷயத்தைக் கேட்கக் கூடாது.

"தூசிங்கறது கிண்டல். தூக்கம்ங்கறது அபிப்பிராயம். மெத்தனம்ங்கறது குற்றச்சாட்டு. மூணு வாக்கியத்துல மூணு தப்பு" என்று அடித்துவிட்டார். மிஞ்சியது 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள்' மட்டும்தான்.

பிறகு அவரே எழுதினார்:

'(அ) ரயில்வேயில் குரூப் 'சி' பிரிவில் மூன்று வருஷத்துக்கு மேல் நிரப்பப்படாத இடங்கள் உள்ளனவா;

(ஆ) ஆமெனில், மண்டல வாரியாக அதன் விவரம் என்ன;

(இ) நிரப்பப்படாததற்குக் காரணம் என்ன, மற்றும்

(ஈ) எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும். தேதி நிர்ணயிக்கப்படவில்லை எனில், அதற்குக் காரணம் என்ன?'

உப்பு சப்பில்லாமல் இருந்தது. அதைச் சொன்னேன்.

"உப்பில்லைதான். ஆனா ஓட்டை இருக்கா பாரு" என்றார்.

பார்த்தேன். இல்லை! 'ஆம்' என்றால் விவரம் தர வேண்டும். 'இல்லை' என்றால் காரணம் தர வேண்டும். முன்வாசல், பின்வாசல் இரண்டிலும் ஆள் நிற்கிறது. என் கேள்விக்கு மந்திரி ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விடலாம். மாமாவின் கேள்விக்கு யாராவது உட்கார்ந்து எண்ணியாக வேண்டும்.

*

எண்ணாமல் தப்பிக்கவும் வழி உண்டு. அதில் நம்மவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல.

'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது.' 'பரிசீலனையில் உள்ளது.' 'இது மாநில அரசின் பொறுப்பு.' எல்லாவற்றுக்கும் மகுடமாக, 'கேள்வி எழவில்லை.' (அ)வுக்கு 'இல்லை ஐயா' என்று சொல்லிவிட்டால் (ஆ) முதல் (ஈ) வரை ஒரே வரி: 'எழவில்லை.' காலையில் எழுப்பினால் என் பையன் சொல்கிற பதிலும் அதுதான்.

இன்க்ரிமெண்ட் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியங்கள் புதிதல்ல. ஆனால் நம் மானேஜருக்கு இல்லாத ஒரு தொல்லை மந்திரிக்கு உண்டு. 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் சேகரிக்கப்படுகிறது' என்பதெல்லாம் பார்லிமெண்ட் கணக்கில் உறுதிமொழி! மூன்று மாசத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினாயா என்று துரத்துவதற்கென்றே லோக்சபாவில் 1953-லிருந்து 15 எம்.பி.க்கள் கொண்ட ஒரு கமிட்டி இருக்கிறது. மூன்று மாசத்தில் முடியாவிட்டால் அவகாசம் கேட்டு எழுத வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கிற உறுதிமொழிகள் உண்டு. ஆனால் லிஸ்டிலிருந்து தானாக உதிர்ந்து போகாது. தகவல் தப்பு என்று தெரிந்தால் மந்திரி சபையில் திருத்த வேண்டும். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் உரிமை மீறல் பிரச்னை.

"அப்போ இதெல்லாம் ஒழுங்கா நடக்குதுங்கறீங்களா?" என்றேன்.

"யார் சொன்னா? 2005 டிசம்பர்ல என்ன ஆச்சு?"

ஞாபகம் வந்தது. காசு வாங்கிக் கொண்டு கேள்வி போட ஒப்புக் கொண்ட எம்.பி.க்களை ரகசிய காமிராவில் பிடித்து டி.வி.யில் போட்டார்கள். இரண்டு சபையிலுமாக 11 பேரை அந்த மாசமே பதவியை விட்டு நீக்கினார்கள். வெட்கக்கேடான சமாசாரம்தான். ஆனால் மாமா அதையும் வேறு மாதிரி பார்க்கிறார்: "ஒண்ணுக்கும் உதவாத சரக்கை எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

உதவும் என்பதற்கு அத்தாட்சி 1957-ல் இருக்கிறது. எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் 6 கம்பெனி பங்குகளில் எல்.ஐ.சி.யின் பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் போய் விழுந்தது. செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற எம்.பி. அது பற்றி ஒரு கேள்வி போட்டார். முதல் தடவை விஷயம் முழுசாக வெளியே வரவில்லை. நவம்பரில் மறுபடி கேட்டார்கள். டிசம்பரில் பெரோஸ் காந்தி சபையில் விவாதத்தைக் கிளப்பினார். நீதிபதி சக்ளா கமிஷன் உட்கார்ந்தது. 1958 பிப்ரவரியில் நம்மூர்க்காரரான நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். இதில் வேடிக்கை, கேட்ட இரண்டு பேருமே ஆளுங்கட்சி எம்.பி.க்கள். பெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மாப்பிள்ளை!

*

"அதெல்லாம் அந்தக் காலம் மாமா. இப்போ 'தகவல் இல்லை'ன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்களே?" என்றேன்.

"எதைச் சொல்றேன்னு புரியுது. 2020தானே?"

அதேதான். கொரோனா ஊரடங்கில், ஊருக்குத் திரும்பிய தொழிலாளர்கள் ரோட்டிலும் ரயில் பாதையிலும் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வருஷம் செப்டம்பரில் பார்லிமெண்ட் கூடியபோது தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். வாயால் கேட்க முடியாது. எழுத்து மூலக் கேள்வி மட்டும் பாக்கி.

முதல் நாள், செப்டம்பர் 14. ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்ற கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகத்தின் எழுத்து மூலப் பதில்: அப்படி ஒரு கணக்கு பராமரிக்கப்படவில்லை. நஷ்ட ஈடு? அந்தக் கேள்வி எழவில்லை. ஆனால் ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடியே நாலு லட்சத்துக்கு மேல் என்று மட்டும் கணக்கு இருந்தது.

உயிரோடு வந்தவர்களை எண்ணியிருக்கிறார்கள். வராதவர்களை எண்ணவில்லை.

அது மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. 'கணக்கு இல்லை' என்பதே செய்தியாகிவிட்டது. சில நாளிலேயே ராஜ்யசபாவில் இன்னொரு கேள்வி, இன்னொரு இலாகாவுக்கு. தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? ரயில்வே எழுத்தில் பதில் தந்தது: செப்டம்பர் 9 வரை 97 பேர்.

அது முழுக் கணக்கு அல்ல. ரயிலில் இறந்தவர்கள் மட்டும்தான் அது. ரோட்டில் போனவர்கள் அதில் சேர்த்தி இல்லை. ஆனால் திங்கட்கிழமை சூன்யமாக இருந்த இடத்தில் அந்த வாரம் முடிவதற்குள் ஒரு நம்பர் வந்து உட்கார்ந்தது. கேள்வியைச் சின்னதாக்கி, சரியான கதவைத் தட்டியதால் வந்த நம்பர். அத்தனை பேர் வாயையும் கட்டிப் போட்டிருந்த கூட்டத் தொடரில், பேப்பர் பேசியது.

*

பையன் இதையெல்லாம் கேட்டுக் கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, "எல்லாம் சரிப்பா. நம்பர் வந்துடுச்சு. அதனால எனக்கு வேலை வந்துடுமா?" என்றான்.

மாமா உடனே பதில் சொல்லவில்லை. டயரியைத் திறந்தார், மூடினார். பிறகு இதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நான் சர்வீஸ்ல சேர்ந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். பென்ஷன் செக்ஷன்ல போட்டிருந்தாங்க. ஒரு நாள் டெல்லியிலேர்ந்து தந்தி. பார்லிமெண்ட் கேள்வி. ஆறு மாசத்துக்கு மேல நிலுவையில இருக்கற குடும்ப பென்ஷன் மனு எத்தனை? நாலு நாள்ல பதில் வேணும். எங்க ஆபீசர் 'ஒரு அஞ்சாறு இருக்குமா?'ன்னார். நானும் அப்படித்தான் நெனச்சேன். இருந்தாலும் எழுத்துல போகப் போகுது, எண்ணித்தானே ஆகணும்? பீரோவைத் திறந்தோம். எண்ண எண்ண வந்துக்கிட்டே இருக்கு. நாற்பதைத் தாண்டிடுச்சு."

"அப்புறம்?"

"அதுல ஒரு மனு... மாசாமாசம் ஒரு அம்மா வந்து வராந்தா பெஞ்சுல உட்காருவாங்க. கையில மஞ்சப்பை. நான் 'மேல போயிருக்கும்மா, வந்துடும்'னு சொல்லுவேன். நெஜமாவே மேல போயிருக்குன்னுதான் நெனச்சேன். போகலை. என் முதுகுக்குப் பின்னாடி இருந்த பீரோவுலதான் இருந்திருக்கு. ஒன்றரை வருஷம்."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த நம்பரை டெல்லிக்கு அனுப்ப எந்த ஆபீசரும் தயாரா இல்லை. நாலு நாள் ராத்திரி பகலா உட்கார்ந்தோம். அத்தனையும் பைசல். அஞ்சாவது நாள் தந்தி போச்சு: நிலுவை இல்லை. பார்லிமெண்ட்ல என்ன பதில் வந்திருக்கும்? '(அ) இல்லை ஐயா. (ஆ) எழவில்லை.' அந்தக் கேள்வி கேட்ட எம்.பி. யாரோ, எந்த ஊரோ, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பதிலைப் பார்த்து, 'சே, வீணாப் போச்சே'ன்னு நெனச்சிருப்பார். அவர் கேட்டதால நாற்பது குடும்பத்துக்குச் சோறு கிடைச்சுதுன்னு அவருக்கும் தெரியாது."

அப்போது எனக்குப் புரிந்தது. பதில் ரொம்ப நாள் கழித்து, டெல்லியில், வெள்ளைப் பேப்பரில் வருகிற சடங்கு. கேள்வியின் வேலை அதற்கு முன்னாலேயே, எங்கோ ஒரு ஊரில், ஒரு பீரோவைத் திறக்கும்போதே முடிந்துவிடுகிறது. கேட்டால் கொடுப்பார்களா என்பது அப்புறம். கேட்டால் எண்ணியாக வேண்டும். எண்ண ஆரம்பித்தால் மஞ்சப்பை அம்மா கண்ணில் பட்டே தீருவார்.

அதனால்தான் 'கணக்கு இல்லை' என்ற பதில் மற்ற எல்லாப் பதிலையும் விட மோசம். அது பீரோவையே திறக்க மாட்டேன் என்கிற பதில்.

"வேலை வருமான்னு கேட்டியே, எனக்குத் தெரியாதுடா" என்றார் மாமா பையனிடம். "ஆனா உன் ஃபைல் எந்த பீரோவுல இருக்குன்னு கேக்க ஒரு வழி இருக்கு. நம்ம எம்.பி.க்கு ஒரு லெட்டர் போடு. கெஞ்சாதே, திட்டாதே. நாலு வரிக் கேள்வியா எழுதி, இதைச் சபையில கேளுங்கன்னு போடு. கேட்டா நல்லது. கேக்கலைன்னா, அவர் இதுவரைக்கும் எத்தனை கேள்வி கேட்டிருக்கார்னு பார்லிமெண்ட் ரெக்கார்டுல யார் வேணாலும் பார்க்கலாம். அடுத்த தேர்தல்ல ஓட்டுக் கேட்டு வரும்போது நீ அவரைக் கேளு."

பையன் பேப்பரை எடுத்தான். மாமா எழுதிய நாலு வரியைத் தன் கையெழுத்தில் எழுத ஆரம்பித்தான். (அ), (ஆ) என்று அவன் போட்ட அழகைப் பார்த்தால், இந்தப் பையனுக்கு எந்த ஆபீசிலும் தாராளமாக ஒரு நாற்காலி கொடுக்கலாம்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை ஆளும் வந்தாள், கையில் கரண்டியோடு.

"மிக்ஸியை ரிப்பேருக்குக் குடுத்தீங்களா, இல்லையா? குடுத்திருந்தா எந்தக் கடையில? குடுக்கலைன்னா என்ன காரணம்?"

முன்வாசல், பின்வாசல் இரண்டும் அடைபட்டுவிட்டது. எச்சில் விழுங்கிக் கொண்டு, "விஷயம் பரிசீலனையில் இருக்கிறது" என்றேன்.

மாமா டயரியைத் திறந்து தேதி போட்டுக் குறித்துக் கொண்டார்.

"உறுதிமொழி மாப்ளே. மூணு மாசம்."